ராமென் கடை

ராமென் கடை என்பது, கோதுமை நூடுல்ஸை இறைச்சிச் சாற்றிலோ மீன் சாற்றிலோ இட்டுக் கிண்ணத்தில் பரிமாறும் ஜப்பானியச் சிற்றுணவகம். அடுப்பை ஒட்டி நீளமாக ஒரு மேசைப் பலகை, அதன் முன் பத்துப் பேர் உட்காரும் அளவுக்கு இருக்கைகள், ஓரிரு சமையல்காரர்கள், வாசலில் வரிசை என்பதே இதன் பொதுவான தோற்றம். பல கடைகளில் பணத்தை முதலில் கட்டவேண்டும். உணவு வந்ததும் சாப்பிட வேண்டும். முடித்ததும் எழுந்துவிட வேண்டும். புதிதாகச் செல்பவர்கள் இதைக் கறார்த்தனம் என்றும், விருந்தோம்பலுக்குப் பேர்போன நாட்டுக்குப் பொருந்தாத அவசரம் என்றும் எண்ணுவதுண்டு. அந்த எண்ணம் சரியன்று. நூடுல்ஸின் இயல்பும் சிறிய இடத்தின் வரவு செலவும் சேர்ந்தே இந்த நடைமுறையை உருவாக்கின. பல மணி நேர உழைப்பில் தயாராகும் உணவு எளிய மனிதருக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைப்பதற்கும் இதுவே காரணம்.

தோற்றம்

ராமெனின் மூலம் சீனாவின் கோதுமை நூடுல்ஸ். 1910-இல் ஒசாக்கி கன்இச்சி என்பவர் யோகோஹாமாவிலிருந்து சீனச் சமையல்காரர்களை வரவழைத்து, டோக்கியோவின் அசாகுசா பகுதியில் ராய்ராய்கென் என்ற கடையைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அரிசித் தட்டுப்பாடு நிலவியபோது அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமை மாவு இந்த உணவைப் பரப்பியது. கள்ளச் சந்தைகளிலும் தள்ளுவண்டிகளிலும் விற்ற அது, நாட்டை மீண்டும் கட்டியெழுப்பிய தொழிலாளர்களின் வயிற்றை நிரப்பியது. ஊருக்கு ஊர் சுவையும் மாறியது. சப்போரோவில் மிசோ எனப்படும் புளிக்கவைத்த சோயா விழுது கலந்த ராமென், குருமேயில் பன்றி எலும்பைக் கொதிக்க வைத்து எடுக்கும் வெண்ணிறச் சாறு, கிதகாத்தாவில் தட்டையான தடித்த நூடுல்ஸ் என வகைகள் பெருகின. தொடக்கம் முதலே வேலைக்கு நடுவே வந்து உண்டு செல்பவர்களை நம்பியே ராமென் வளர்ந்தது என்பதை இந்த வரலாறு காட்டுகிறது. விரைவு அதன் பிறவிக் குணம்.

நூடுல்ஸும் நேரமும்

ராமென் நூடுல்ஸில் கோதுமை மாவு, தண்ணீர், உப்பு ஆகியவற்றுடன் கான்சுய் எனப்படும் காரக் கரைசலும் சேரும். மஞ்சள் நிறத்தையும் இழுத்தால் நெகிழும் உறுதியையும் தருவது அதுதான். ஆயினும் சூடான சாற்றில் விழுந்த கணத்திலிருந்து நூடுல்ஸ் நீரை உறிஞ்சத் தொடங்கிவிடுகிறது. சில நிமிடங்களில் அந்த உறுதி போய்விடும். சமையல்காரரின் வேலையைக் கவனித்தால் இது விளங்கும். முதலில் கிண்ணத்தைச் சூடாக்குவார். அடியில் சோயா சாஸோ உப்போ மிசோவோ கலந்த சுவைக்கூட்டை ஊற்றி, அதன்மேல் கொதிக்கும் சாற்றைச் சேர்ப்பார். கூடையில் வெந்த நூடுல்ஸை ஓங்கி உதறி நீரை வடித்து, மடிப்பு மடிப்பாக உள்ளே இறக்குவார். பன்றி இறைச்சித் துண்டு, ஊறவைத்த முட்டை, மூங்கில் குருத்து, வெங்காயத்தாள் ஆகியவற்றை மேலே அடுக்கியதும் கிண்ணம் உண்பவர் முன் வந்துவிடும். இத்தனையும் ஓரிரு நிமிடங்களுக்குள் முடிகிறது. அந்தக் கிண்ணத்தைத் தொடாமல் பேசிக்கொண்டிருந்தால் சமையல்காரரின் கணக்கு வீணாகும். சத்தம் எழ உறிஞ்சி உண்பதும் இங்கே பிழையாகாது. காற்றோடு சேர்த்து இழுப்பதால் சூடு தணிகிறது, மணமும் மூக்கை எட்டுகிறது.

நேரத்துக்கும் முறைக்கும் உள்ள உறவுக்குச் சிறந்த சான்று ஃபுக்குவோக்கா நகரின் நாகஹாமா. அங்குள்ள மீன் சந்தைத் தொழிலாளர்களுக்குக் காத்திருக்க நேரமில்லை. ஆகவே நொடிகளில் வேகும் மெல்லிய நூடுல்ஸ் அங்கே வழக்கத்துக்கு வந்தது. மெல்லிய நூடுல்ஸ் விரைவில் குழைந்துவிடும் என்பதால் கிண்ணத்தில் சிறிய அளவே இடுவார்கள். பசி அடங்காதவர், மீதமுள்ள சாற்றில் மறுபடி நூடுல்ஸ் மட்டும் வாங்கிப் போட்டுக்கொள்வார். காயேதாமா எனப்படும் இந்த வழக்கம் இன்று ஜப்பான் முழுவதும் உண்டு.

உண்ணும் முறையும் இடத்தின் கணக்கும்

பல கடைகளில் வாசலருகே டோக்கன் இயந்திரம் நிற்கும். பணம் செலுத்தி, பொத்தானை அழுத்தி, வரும் சீட்டைப் பலகைமேல் வைத்தால் போதும். சமைப்பவர் கை பணத்தைத் தொடாது. கல்லாவுக்குத் தனியாள் வேண்டாம். கணக்கு கேட்டுக் காத்திருக்கவும் தேவையில்லை. பத்து இருக்கைகளில் ஒவ்வொருவரும் இருபது நிமிடம் அமர்ந்தால் மணிக்கு முப்பது பேர் உண்ணலாம். ஆளுக்கு ஒரு மணி நேரம் என்றால் பத்துப் பேர்தான். அப்போது ஒரு கிண்ணத்தின் மேல் விழும் வாடகையும் கூலியும் மூன்று மடங்காகும். குடிநீரைத் தானே ஊற்றிக்கொள்வது, உண்டபின் கிண்ணத்தை மேல்தட்டில் தூக்கி வைப்பது, தன் இடத்தைத் துணியால் துடைப்பது, நன்றி சொல்லிக் கிளம்புவது ஆகிய பழக்கங்களில் உண்பவரும் கடையின் வேலையில் பங்கெடுக்கிறார்.

மறுப்புகளும் விடைகளும்

உண்டவரை எழுப்பிவிடுவது விருந்தோம்பலா என்று கேட்கலாம். இந்தக் கடைகளில் உபசரிப்பு, ஆள் வந்து அமர்வதற்கு வெகுநேரம் முன்பே தொடங்கிவிடுகிறது. பன்றி எலும்புச் சாறு பத்து மணி நேரத்துக்கு மேலும் கொதிக்கும். அன்றைய சாறு தீர்ந்ததும் நேரத்துக்கு முன்பே கடையைச் சாத்துபவர்களும் உண்டு. தரத்தில் இது குறைந்ததல்ல என்பதற்கு, டோக்கியோவின் சுகாமோ பகுதியிலிருந்த ட்சுத்தா என்ற சிறு கடை உணவகங்களைத் தரம் பிரிக்கும் மிஷெலின் கையேட்டின் 2016-ஆம் ஆண்டுப் பதிப்பில் நட்சத்திரம் பெற்றதே சான்று. ராமென் கடை ஒன்று அதைப் பெற்றது அதுவே முதல் முறை.

அயலார்க்கு இந்த முறை புரிவதில்லை என்ற குறையில் நியாயம் உண்டு. எழுதப்படாத விதிகளை நம்பி நடக்கும் கடைகள் அவற்றை எழுதி ஒட்டவேண்டும். பல மொழிகளில் இயங்கும் தொடுதிரை இயந்திரங்கள் இந்தக் குறையைக் குறைத்து வருகின்றன. சைவ உணவினர்க்கு இங்கே பெரும்பாலும் இடமில்லை என்பதும் உண்மை. மேலே காய்கறி மட்டும் இருந்தாலும் சாறு இறைச்சியிலோ மீனிலோ ஆனதாக இருக்கும். சாற்றை முழுதும் குடித்தால், உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு வகுத்த 5 கிராம் உப்பு வரம்பை ஒரே கிண்ணம் எட்டிவிடக்கூடும். சாற்றை மீதம் வைப்பது அவமதிப்பல்ல.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு, இந்த மலிவு சமைப்பவரின் முதுகில் ஏறுகிறது என்பது. ஒரு கிண்ணம் 1000 யென்னைத் தாண்டினால் ஆட்கள் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கை நெடுங்காலம் விலையைக் கட்டிப்போட்டது. மாவு, இறைச்சி, எரிபொருள் விலைகள் ஏறின; 2024 ஜூலையில் புதிய நோட்டுகள் வந்தபோது பழைய டோக்கன் இயந்திரங்களை மாற்றும் செலவும் சேர்ந்தது. இதற்கு மருந்து, மேசைகளைப் பெருக்கிப் பெரிய உணவகமாவதில் இல்லை. அப்படிச் செய்தால் வாடகையும் ஆட்கூலியும்தான் ஏறும். கிண்ணத்துக்குரிய நியாயமான விலையை உண்பவர்கள் ஏற்பதே வழி. வரிசையில் நின்று, சூடாக உண்டு, அடுத்தவருக்கு இடம்விட்டு எழுபவர் அந்தக் கடை நிலைக்கப் பாதி உதவியைச் செய்துவிடுகிறார். விலையில் சில நூறு யென் கூடும்போது முகம் சுளிக்காமல் கொடுப்பது மீதிப் பாதி.