பழுது இன்ஜினிலா, காலத்திலா?

நடுத்தர அளவு காரில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட இன்ஜினை வைக்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தலைமையகம் ஒரு விதி வைத்திருந்தது. 1964இல் அதன் பான்டியாக் பிரிவு டெம்பெஸ்ட் காருக்கு 389 கன அங்குல வி8 இன்ஜினைக் ‘கூடுதல் வசதி’ என்ற பெயரில் விற்று, அந்த விதியைப் பக்கவாட்டில் தாண்டியது. ஜிடிஓ பிறந்தது, மசில் கார் என்ற வகையே அதிலிருந்துதான் சூடுபிடித்தது. ஆறே ஆண்டில் அதே நிறுவனத்தின் செவெல் எஸ்எஸ் 454 காரின் எல்எஸ்6 இன்ஜின் 450 குதிரைத்திறன் என்று அறிவிக்கப்பட்டது. அந்தக் கார்களை இன்று அமெரிக்காவில் பலர் வீட்டுக் கொட்டகையிலேயே பிரித்துப் புதுப்பிக்கிறார்கள். முறுக்கினால் நாக் அடிக்கிறது, சூடானபின் நிறுத்தினால் மறுபடி கிளம்ப மறுக்கிறது, புதிதாகப் போட்ட கேம்ஷாஃப்ட் சில நூறு மைலில் தேய்ந்துவிடுகிறது என்று அவர்கள் சொல்லும் குறைகள் திரும்பத் திரும்ப ஒன்றுபோலவே இருக்கின்றன. கிழட்டு இன்ஜினின் நோய்கள் என்று இவற்றை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் இவற்றில் பெரும்பங்கு முதுமையால் வந்ததல்ல. இன்ஜின் அப்படியே இருக்கிறது. அதற்குள் ஊற்றுகிற பெட்ரோலும் ஆயிலும் மாறிவிட்டன.

பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்தால் நாக் அடங்கும் என்று ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி 1921இல் கண்டார். 1923இல் ஒஹாயோ மாநிலத்தின் டேட்டனில் அது விற்பனைக்கு வந்தது. எரிகலவையை எவ்வளவு இறுக்கி அழுத்துகிறோமோ அவ்வளவு வலு கிடைக்கும். ஆனால் மட்டமான பெட்ரோல் அந்த அழுத்தத்தில், தீப்பொறியின் சுடர் வந்து சேருமுன்னே தானாக வெடித்துப் பிஸ்டனைத் தாக்கும்; இதுதான் நாக். அதைத் தடுக்க ஈயம் இருந்ததால்தான் எல்எஸ்6 இன்ஜினின் அழுத்த விகிதம் 11.25 வரை போக முடிந்தது. 1970இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. 1971 மாடல்களிலேயே ஜெனரல் மோட்டார்ஸ் அழுத்தத்தைக் குறைத்தது. 1975 மாடல்களில் புகையைச் சுத்திகரிக்கும், ஈயம் பட்டால் கெட்டுவிடும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பரவலாக வந்தது. 1996இல் சாலை வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோலே தடையாயிற்று. ஆகவே 1970ஆம் ஆண்டுக் கையேட்டைப் பார்த்துத் தீப்பொறியின் டைமிங் வைப்பவர், இன்று இல்லாத பெட்ரோலுக்கு டைமிங் வைக்கிறார். இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ளலாம். அன்று நூற்றை ஒட்டியிருந்த ஆக்டேன் எண் ஓர் அளவை. இன்று அமெரிக்க பங்க்கில் எழுதியிருக்கும் 93 வேறோர் அளவை, இரண்டு சோதனைகளின் சராசரி. பழைய கணக்கில் அது ஏறத்தாழ 97, 98 ஆகும். இழப்பு உண்மைதான், ஆனால் பயப்படுகிற அளவுக்கு இல்லை.

கேம்ஷாஃப்ட் கதை இன்னும் விசித்திரமானது. அந்தக் கால வி8களில் கேமின் மேடு, தட்டையான டேப்பட்டின் அடியில் நேரடியாக உரசிச் செல்லும். அந்த உரசலைத் தாங்க ஆயிலில் துத்தநாகமும் பாஸ்பரஸும் கொண்ட ஒரு சேர்மம் கலந்திருந்தது. பாஸ்பரஸ் கன்வெர்ட்டரை மெல்லக் கெடுக்கும் என்பதால், 2004இல் வந்த ஏபிஐ எஸ்எம் தரம், கார்களுக்கான வழக்கமான ஆயில் ரகங்களில் அதன் அளவை 0.08 சதவீதத்துக்கு மேல் போகவிடவில்லை. உருளை டேப்பட் கொண்ட புதிய இன்ஜின்களுக்கு இது பொருட்டில்லை. கன்வெர்ட்டரே இல்லாத கார், அடுத்தவன் கன்வெர்ட்டருக்காகத் தன் கேமை இழக்கிறது!

எல்லாப் பழியையும் பெட்ரோல் மேலும் ஆயில் மேலும் போடுவது சோம்பேறித்தனம் என்று அனுபவசாலிகள் மறுப்பார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஈயம் போனதால் வால்வு சீட் தேய்ந்துவிடும் என்ற அச்சம், நெடுநேரம் முழு வேகத்தில் பாரம் இழுக்கும் இன்ஜினுக்குத்தான் பொருந்தும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் காருக்கு அல்ல. கார்புரேட்டர் கோளாறு என்று பிரிக்கப்படுபவை பலவும் இக்னிஷன் பாயின்ட் இடைவெளியிலோ, விரிந்துபோன வேக்கம் குழாயிலோ முடிகின்றன. ராச்செஸ்டர் குவாட்ராஜெட் கார்புரேட்டரின் அடி அடைப்புகள் கசிந்தால் இரவில் பெட்ரோல் வடிந்து, காலையில் ஸ்டார்ட்டரை நெடுநேரம் சுற்ற வேண்டியிருக்கும். அதற்கு இன்றைய பெட்ரோலில் கலந்துவரும் எத்தனால் காரணமல்ல. ஆனால் இந்தச் சாதாரணப் பழுதுகளையும் கொஞ்சம் கிளறினால் பழைய முடிவு ஒன்று அடியில் கிடக்கும். சத்தம் குறைய வேண்டுமென்று கேம் பல்சக்கரத்தின் பற்களுக்கு நைலான் உறை போட்டார்கள். அது உதிர்ந்து ஆயில் சம்பில் கிடக்கும்; செயின் தொய்ந்து வால்வு டைமிங் தவறும். கிராங்க்ஷாஃப்ட் முனையிலுள்ள பேலன்ஸரின் வெளி வளையம் ரப்பரால் ஒட்டியது. ரப்பர் தளர்ந்தால் வளையம் நழுவி, அதிலுள்ள டைமிங் கோடே பொய் சொல்லும். முதல் பிஸ்டன் உண்மையில் எங்கே உச்சிக்கு வருகிறது என்று அளந்து பார்க்காமல் டைமிங் லைட்டை நம்புகிறவர் நாள்கணக்கில் அலைவார். எனவே வரிசை முக்கியம்: முதலில் கோட்டைச் சரிபார்த்து, பிறகு மின்பொறி, காற்றுக் கசிவு, கார்புரேட்டர் என்று வந்து, அதற்கும் பிறகே பெட்ரோலைக் குற்றம் சொல்லலாம்.

இன்றைய பெட்ரோலுக்கும் ஆயிலுக்கும் ஏற்ப அழுத்தத்தைக் குறைத்து, உருளை டேப்பட் கேம் மாற்றினால் கார் அசல் தன்மையை இழந்துவிடாதா என்பது இன்னொரு ஆட்சேபம். கண்காட்சியில் நிறுத்துவதற்கு மட்டும் என்றால் அது சரி. ஓட்டுவதற்கென்றால், அசல் இன்ஜின் என்பது அசல் பெட்ரோலோடும் அசல் ஆயிலோடும் சேர்ந்த ஒன்று; அதில் இரண்டு ஏற்கெனவே போய்விட்டன. அசல் என்று நம்பப்படும் எண்களும் அப்படித்தான். 1971 மாடல்கள் வரை குதிரைத்திறனை ஏர் கிளீனர், ஆல்டர்னேட்டர், வழக்கமான சைலன்சர் எதுவும் மாட்டாத இன்ஜினை மேடையில் ஏற்றி அளந்து விளம்பரம் செய்தார்கள். பிறகு எல்லாவற்றையும் மாட்டி அளக்கத் தொடங்கினார்கள். செவெலின் எல்எஸ்5 இன்ஜின் 1971இல் 365 என்றும் 1972இல் 270 என்றும் விற்கப்பட்டது. அந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி அளவு முறை மாறியதால் வந்தது. புதுப்பித்த 1971 காரைச் சக்கரத்தில் அளக்கும் டைனோமீட்டரில் ஏற்றினால், கியர்பாக்ஸும் பின் அச்சும் தின்பதும் கழிந்து எண் இன்னும் இறங்கும். அந்த நூற்றுச் சொச்சம் குதிரைகளைத் தேடிக் கார்புரேட்டரை மூன்றாம் முறை கழற்றினாலும் உள்ளே எதுவும் கெட்டுப்போயிருக்காது.