‘ஸ்டிரைக்’ – ஒரு சொல் வந்த வழி

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம்மவர்க்குப் பள்ளிக்கூடம் போகாமலே தெரிந்த ஆங்கிலச் சொற்கள் சில உண்டு. ‘செக்ரோல்’, ‘ஆபீஸ்’, ‘போனஸ்’ என்ற அந்த வரிசையில் ‘ஸ்டிரைக்’ என்பதும் ஒன்று. பால் வெட்டிக் களைத்த பாட்டிக்கும் அது தெரியும். புத்தகப்பை சுமக்கும் பேரனுக்கும் தெரியும். ஆனால் அந்தப் பேரன் ஆங்கில அகராதியைப் புரட்டினால், முதலில் அவன் கண்ணில் படும் பொருள் ‘அடித்தல்’ என்பதே. “அப்படியானால் ஸ்டிரைக் என்பது அடிதடியா, பாட்டி?” என்று அவன் கேட்டால் என்ன விடை சொல்வது? அந்த விடையைத்தான் இன்று நாம் தேடப் போகிறோம்.

முதலில் ஒரு வேடிக்கையைப் பார்ப்போம். தமிழில் ‘அடி’ என்ற வினைச்சொல்லை நாம் எத்தனை விதமாகப் பயன்படுத்துகிறோம்! மணி அடிக்கிறது என்கிறோம். காசு அடிக்கும் சாலை என்கிறோம். பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிட்டார்கள் என்கிறோம். ஆங்கிலத்திலும் கடிகாரம் ‘ஸ்டிரைக்’ செய்யும். நாணயத்தை ‘ஸ்டிரைக்’ செய்வார்கள். பெயரையும் ‘ஸ்டிரைக்’ செய்து நீக்குவார்கள். கடல் கடந்த இரு மொழிகள் ஒரே மாதிரி எண்ணியிருக்கின்றன.

ஆனால் அந்த ஆங்கிலச் சொல் பிறந்தபோது அதற்கு அடித்தல் என்ற பொருள் இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பழைய ஆங்கிலத்தில் அதற்கு நகர்தல், தடவுதல், துடைத்தல் என்பனவே பொருள். வருடிக் கொடுத்தல் என்று பொருள்படும் ‘ஸ்ட்ரோக்’ என்ற சொல் அதற்கு உறவு. மரக்காலில் நெல்லைக் குவித்து, மேலே கையாலோ கோலாலோ வழித்துத் தலைதட்டி அளப்பார்கள் அல்லவா? அவ்வாறு வழித்து மட்டம் செய்வதற்கும் ஆங்கிலேயர் ‘ஸ்டிரைக்’ என்றே பெயர் வைத்திருந்தனர். காலப்போக்கில்தான் தடவிய கை ஓங்கிய கையாயிற்று. அடித்தல் என்ற பொருள் முன்னுக்கு வந்தது.

சரி, வேலை நிறுத்தம் இதில் எங்கே நுழைந்தது? அது கப்பல் வழியாக வந்தது. பாயை அல்லது கொடியைக் கீழே இறக்குவதற்கும் மாலுமிகள் ‘ஸ்டிரைக்’ என்றே சொல்வார்கள். போரில் கொடியை இறக்கினால் சரணடைந்ததாகப் பொருள். 1768ஆம் ஆண்டு இலண்டனில் தேம்ஸ் ஆற்றில் நின்ற வணிகக் கப்பல்களின் மாலுமிகள் கூலி போதாதென்று வெகுண்டனர். அவர்கள் யாரையும் அடிக்கப் புறப்படவில்லை. கப்பல்களின் பாய்களை இறக்கினார்கள், அவ்வளவுதான். பாய் இல்லாத கப்பல் எப்படி நகரும்? துறைமுக வாணிபம் முடங்கியது. அந்த ஆண்டிலிருந்துதான் தொழிலாளர் ஒன்று சேர்ந்து வேலையை நிறுத்துவதற்கு ‘ஸ்டிரைக்’ என்ற சொல் ஆங்கிலத்தில் வழங்கி வருகிறது. சரணடைவதற்கு அடையாளமாக இருந்த ஒரு செயலையே, பணிய மாட்டோம் என்பதற்கு அடையாளமாக அந்த மாலுமிகள் மாற்றிவிட்டார்கள்.

சொல் புதிதே தவிர, செயல் மிகப் பழையது. மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு எகிப்து நாட்டில், மூன்றாம் ராம்சேஸ் மன்னன் காலத்தில், அரச கல்லறைகளைக் கட்டிய தொழிலாளருக்குத் தானியப் படி வந்து சேரவில்லை. அவர்கள் கருவிகளை வைத்துவிட்டுக் கோயிலருகே போய் உட்கார்ந்துகொண்டனர். அன்றைய ஏடுகளில் அது எழுதப்பட்டு இன்றும் இருக்கிறது. மலாய் மொழியில் இதனை ‘மோகோக்’ என்பர். நகர மறுத்து நின்றுவிடுவதற்கும் அதே சொல்தான். நம் தமிழோ ‘வேலை நிறுத்தம்’ என்று உள்ளதை உள்ளபடியே சொல்லிவிட்டது. இச்சொற்களில் எதிலும் அடி இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். இந்தச் சொல் நம்மவர் வாழ்வில் பெரும் சோதனைக்குள்ளான ஆண்டு 1941. இடம், கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்கள். ஐரோப்பாவில் போர் நடந்துகொண்டிருந்தது. ரப்பருக்கு நல்ல கிராக்கி. விலைவாசியும் ஏறியது. ஆனால் பால் வெட்டிய இந்திய ஆடவருக்கு நாள் கூலி ஏறக்குறைய 50 காசு. சீனத் தொழிலாளருக்குக் கிடைத்தது அதைவிடக் கூடுதல். ‘தமிழ் நேசன்’ இதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன் அவ்வட்டாரத் தொழிலாளரைத் திரட்டுவதில் முன்னின்றார். அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளைப் படிக்கும்போது இன்றும் நெஞ்சு கனக்கிறது.

சீனருக்கு நிகரான கூலி கேட்டார்கள், அது வயிற்றுக்காக. பிள்ளைகளுக்கு முறையான கல்வியும், நோயுற்றவர்க்கு நல்ல மருத்துவ வசதியும் கேட்டார்கள். நம் பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும் என்றார்கள். கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். உறவினர் தோட்டத்திற்குள் தடையின்றி வந்து போகவும், சங்கம் அமைக்கவும் உரிமை கேட்டார்கள். அவற்றோடு இன்னொன்றும் இருந்தது. துரையோ கிராணியோ எதிரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கத் தேவையில்லை என்று அனுமதிக்க வேண்டும் என்பதே அது.

சைக்கிளிலிருந்து இறங்காமல் போனால் ஒரு காசு கூடுமா? கூடாது. ஆனால் தன் உழைப்பில் வாங்கிய சைக்கிளில் தலைநிமிர்ந்து போக ஒருவன் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. கூலி உயர்வோடு சேர்த்து இதையும் எழுதிக் கொடுத்தவர்கள், மானத்திற்கும் விலை உண்டென்று அறிந்தவர்கள்.

முதற்கட்ட நிறுத்தத்தால் கூலி சில காசுகள் உயர்ந்தது. ஆனால் மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரித் தொழிலாளர் மீண்டும் வேலையை நிறுத்தினர். மோதல்கள் மூண்டன. மே 16ஆம் நாள் சிலாங்கூரில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது, படைகள் வந்தன, துப்பாக்கிகள் வெடித்தன. ஐந்து தொழிலாளர் உயிரிழந்தனர், பலர் காயமுற்றனர், பலர் சிறைப்பட்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானியர் படையெடுத்து வந்தனர். அந்தப் பெரும் துயரத்தில் இந்தத் துயரம் மறைந்துபோயிற்று.

தோட்டத்தோடு இது நிற்கவில்லை. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் இரயில்வேத் தொழிலாளர் குடியிருப்புகளால் பெயர் பெற்றது. 1962 டிசம்பரில் நாடெங்கும் இரயில்வேத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். 1963 ஜனவரி வரை அது நீடித்தது. நாட்கூலிக்காரர்களை மாதச் சம்பளக்காரர்களாக ஆக்க வேண்டும் என்பதே அவர்களின் முதன்மைக் கோரிக்கை. இலண்டனில் பாய் இறங்கியது. இங்கே இரயில் நின்றது. செய்கை ஒன்றுதான்.

ஆங்கிலத்தில் இதே வினைச்சொல்லுக்கு இன்னொரு வழக்கும் உண்டு. இரு தரப்பினர் பேசி உடன்பாட்டுக்கு வந்தால், பேரத்தை ‘ஸ்டிரைக்’ செய்தார்கள் என்பர். வாக்குக் கொடுக்கும்போது நாமும் கையடித்துக் கொடுக்கிறோம் அல்லவா? ஆகவே வேலையிலிருந்து கையை எடுப்பதற்கும் அதே சொல். பேசி முடித்துக் கை சேர்ப்பதற்கும் அதே சொல். கிள்ளான் தொழிலாளர் கேட்ட சங்க உரிமை பிற்காலத்தில் கைகூடியது. 1954இல் பல சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. அதன் தலைவர்களுள் முதன்மையான பி. பி. நாராயணன், 1975இல் அனைத்துலகச் சுதந்திரத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராகவும் உயர்ந்தார். கூலியும் வேலை நிபந்தனைகளும் மேசையில் பேசி ஒப்பந்தமாக எழுதப்படும் வழி திறந்தது. அந்த மேசைக்குப் போட்ட விலையில் 1941இல் சிந்திய இரத்தமும் சேர்ந்தது.

இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் நெடுஞ்சாலைகளாகவும் மாறிவிட்டன. சைக்கிளிலிருந்து யாரும் யாருக்காகவும் இறங்குவதில்லை. இறங்க வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்ததென்பதே நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. ஆகவே பேரன் அகராதியோடு வந்து கேட்டால், பாட்டி இப்படிச் சொல்லலாம்: “அது அடிக்கிற சொல் இல்லையப்பா. கப்பலில் பாயை இறக்கியவர்கள் கொடுத்த சொல். நம்மவர்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தலையை நிமிர்த்திய சொல்.” அப்படியே அந்தச் சைக்கிள் கதையையும் சொல்லிவிட்டால், பேரன் அதை மறக்க மாட்டான்.