ஆன்ட்டி செண்ட் ஆன பீச் பழம்

‘ஆன்ட்டி செண்ட்’ என்று நம்ம வகுப்பில் ஒரு பட்டப்பெயர் உண்டு. யாராவது கொஞ்சம் கனமான வாசனை போட்டு வந்தால் கடைசி பெஞ்சிலிருந்து கிளம்பும். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் ஒரு வாசனை எப்போது ‘ஆன்ட்டி’ ஆகிறது? பிறக்கும்போதே அப்படித்தான் பிறக்கிறதா? இதைத் தேடப் போனபோது சிக்கியதுதான் டிரெஸார் என்ற பிரெஞ்சு செண்டின் கதை.

டிரெஸார் என்றால் பிரெஞ்சு மொழியில் புதையல். லான்கோம் கம்பெனி 1990-இல் வெளியிட்டது. கவிழ்த்து வைத்த பிரமிடு போல பாட்டில், உள்ளே பீச் நிறத் திரவம். முகர்ந்தால் முதலில் பீச், ஆப்ரிகாட் பழங்கள், பிறகு ரோஜா, கடைசியில் முகப்பவுடர் போல மெத்தென்ற ஒரு வாசனை. பழமும் பூவும் கலந்த இந்த வகைக்கு ‘ஃப்ரூட்டி ஃப்ளோரல்’ என்று பெயர்.

இதில் பூ சுலபம், பழம்தான் கஷ்டம். நம்ம ஊர் மல்லிகையிலிருந்து வாசனைச் சாறு எடுத்து வெளிநாட்டுக்கு ஏற்றுமதியே செய்கிறார்கள். பீச் பழத்தைப் பிழிந்தால் ஜூஸ்தான் வரும், செண்ட் வராது! அந்த வாசனையைச் சோதனைச் சாலையில்தான் செய்தாக வேண்டும். 1908-இல் ரஷ்ய வேதியியலாளர்கள் காமா அண்டெகாலாக்டோன் என்ற பொருளைத் தயாரித்தார்கள். பழுத்த பீச்சின் வாசனை அதில் இருந்தது. வியாபாரத்தில் அதற்கு ‘ஆல்டிஹைட் சி-14’ என்று பெயர் வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால் அது ஆல்டிஹைடும் இல்லை, அதில் 14 கார்பனும் இல்லை, 11 தான் :) பாரிஸில் ஜாக் கெர்லேன் 1919-இல் அதைப் பயன்படுத்தி ‘மிட்சூகோ’ என்ற செண்டைச் செய்தார். பழ வாசனையின் வரலாறு பேசுகிறவர்கள் இன்றும் அதைத்தான் முதலில் சொல்வார்கள்.

டிரெஸாரைச் செய்தவர் ஒரு பெண், சோஃபியா க்ரோஸ்மன். சோவியத் பெலாரஸில் பிறந்து, அமெரிக்காவில் குடியேறி, நியூயார்க்கில் வேலை பார்த்தவர். அவர் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். வழக்கமாக ஒரு செண்டில் எத்தனையோ பொருட்களைத் துளித்துளியாகச் சேர்ப்பார்கள். இவரோ நான்கே நான்கு செயற்கைப் பொருட்களை அள்ளிப் போட்டார். காலக்ஸோலைட் (கஸ்தூரி வகை), ஐசோ ஈ சூப்பர் (மரம்), ஹெடியோன் (மல்லிகை), மெத்தில் அயனோன் (வயலட் பூ). கலவையில் ஏறக்குறைய 80 சதவீதம் இந்த நான்கும்தான். பழமும் ரோஜாவும் இதன்மேல் உட்கார்ந்திருக்கின்றன. காலையில் போட்டால் ராத்திரி வரை துணியில் நிற்பதற்கு இதுதான் காரணம்.

சரி, போட்டுக்கொண்டவர்கள் என்ன சொல்கிறார்கள்? இங்கேதான் சுவாரஸ்யம். ஒரு சாரார், யாரோ கட்டி அணைத்துக்கொள்வது போல இருக்கிறது, இதமாக இருக்கிறது என்கிறார்கள். கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு இன்னும் மாற்றாதவர்கள் இருக்கிறார்கள். இன்னொரு சாரார் தலைவலி என்கிறார்கள், லிஃப்டில் ஒருவர் போட்டிருந்தால் மூச்சு முட்டுகிறது என்கிறார்கள். ஒரே பாட்டில், இரண்டு தீர்ப்பு!

இதற்கு உடம்பு சார்ந்த காரணம் உண்டு. காலக்ஸோலைட் போன்ற கஸ்தூரி வாசனைகள் சிலர் மூக்குக்கு எட்டவே எட்டாது. அப்புறம், எந்த வாசனையும் கொஞ்ச நேரத்தில் மூக்குக்குப் பழகிவிடும். போட்டுக்கொண்டவர், போய்விட்டது என்று நினைத்து இன்னும் இரண்டு முறை அடிப்பார். அவஸ்தை பக்கத்தில் நிற்பவருக்கு!

ஆனால் ‘ஆன்ட்டி’ என்ற தீர்ப்புக்குக் காரணம் மூக்கு இல்லை, காலம். 1992-இல் லோ திஸ்ஸே, 1994-இல் சிகே ஒன் என்று தண்ணீர் போல லேசான வாசனைகள் வந்தன. ஃபேஷன் அந்தப் பக்கம் சாய்ந்ததும் டிரெஸார் கனமாகத் தெரிய ஆரம்பித்தது. அதைவிட முக்கியம், 1990-களில் குழந்தையாக இருந்தவர்களுக்கு அது அம்மா வெளியே கிளம்பும்போது வரும் வாசனை. அம்மாவை நினைத்து உருகுகிறவர்களும் அவர்களே, வயதானவர் வாசனை என்று ஒதுக்குகிறவர்களும் அவர்களே.

இன்னொரு கூத்து. 2005-இல் பிரிட்னி ஸ்பியர்ஸ் பெயரில் ‘ஃபேன்டஸி’ வந்தது. அந்தப் பத்தாண்டில் பழமும் இனிப்புமாக இப்படி நிறைய வந்தன. அவற்றுக்குக் கிடைத்த பெயர் ‘சின்னப் பெண் செண்ட்’. பெண்கள் பழ வாசனை போட்டால் ஒன்று வயது அதிகம், இல்லை வயது குறைவு. சரியான வயதே கிடையாது போலிருக்கிறது!

டிரெஸாரின் முதல் விளம்பர முகத்துக்கும் இதுவேதான் நடந்தது. நடிகை இசபெல்லா ரோஸலினி, ‘காஸாபிளாங்கா’ நாயகி இங்கிரிட் பெர்க்மனின் மகள். 1982 முதல் லான்கோமின் முகம். டிரெஸார் வந்தபோது வயது 38. விளம்பரத்தில் அந்த முகமும் அந்த வாசனையும் ஒன்றாகவே ஆகிவிட்டன. ஆனால் நாற்பதைத் தாண்டியதும் கம்பெனி அவரை விலக்கியது. பெண்களின் கனவு இளமையாக இருப்பது, விளம்பரம் கனவைத்தான் காட்ட வேண்டும் என்று காரணம் சொன்னார்களாம். அவரே இதைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அடுத்து வந்த மாடல் இனேஸ் சாஸ்த்ரேக்கு அப்போது இருபத்திச் சொச்சம் வயது.

பாடப் புத்தகப்படி பார்த்தால் இது சரியான மார்க்கெட்டிங். ஆனால் அந்த பாட்டிலைத் திரும்பத் திரும்ப வாங்கியவர்கள் யார்? ரோஸலினியோடு சேர்ந்து வயதான அதே பெண்கள்தான். கனவு இளமை என்றால் அவர்கள் எப்போதோ வேறு செண்டுக்கு மாறியிருக்க வேண்டுமே. 2016-இல், 63 வயதில், ரோஸலினியை லான்கோம் மறுபடியும் அழைத்துக்கொண்டது. இருபது வருடம் கழித்துக் கணக்கைத் திருத்தினார்கள். டிரெஸார் இன்றும் கடையில் இருக்கிறது.

‘ஆன்ட்டி செண்ட்’ என்று சொல்லும்போது நாம் பாட்டிலில் இருப்பதைப் பற்றிப் பேசவில்லை, போட்டிருக்கும் பெண்ணின் வயதைப் பற்றித்தான் பேசுகிறோம். இது புரிந்த பிறகு அந்தக் கடைசி பெஞ்ச் ஜோக்குக்கு எனக்குச் சிரிப்பு வருவதில்லை. இன்று நாம் போடும் பாடி ஸ்ப்ரே வாசனையை இன்னும் இருபது வருடத்தில் ஏதோ ஒரு வகுப்பு முகர்ந்து பார்க்கும். அப்போது நமக்கு என்ன பெயர் வைப்பார்களோ!