பிரஜை யார்? பரதேசி யார்?

கேமரன் மலையில் 1929-ஆம் ஆண்டில் ரஸ்ஸல் என்னும் வெள்ளைக்காரர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டிச் செடி நட்டவர்களில் நம்மவரும் இருந்தனர். அவர்களுடைய பேரன்மார் இன்று "இது எங்கள் மலை" என்று சொன்னால் அதை மறுக்க நியாயமில்லை. நூறாண்டுகூட நிறையாத உறவுக்கே இவ்வுரிமை உண்டென்றால், பல தலைமுறையாக ஒரு மண்ணில் வாழ்ந்தவர்களைப் பரதேசிகள் என்று தள்ளுவது எவ்வகையில் தகும்? பர்மாவின் ரோஹிங்கியருக்கு நேர்ந்தது இதுவேயாகும்.

அவர்களது நாடு, பர்மாவின் மேற்குக் கரையிலுள்ள அரக்கான். 1784-இல் பர்மிய மன்னன் படையெடுத்துப் பிடிக்கும்வரை அது தனி இராஜ்யம். அதன் புத்த மன்னர்கள் சிலர் முஸ்லிம் பட்டங்களையும் சூடி நாணயம் அடித்தனர். அரக்கானில் நெடுங்காலமாகக் குடியிருந்த முகம்மதியர் தம்மை 'ரூயிங்கா' என்று சொல்லிக்கொண்டதாகப் புக்கானன் என்னும் ஸ்காட்லாந்து வைத்தியர் 1799-இலேயே எழுதிவைத்தார். 1826-இல் ஆங்கிலேயர் ஆட்சி வந்தபின் சிட்டகாங்கிலிருந்து மேலும் பலர் குடியேறியது மெய்யே. ஆயினும், பின்னே வந்தவரைக் காட்டி முன்னே இருந்தவரையும் அந்நியராக்குவது நீதியாகுமா?

பர்மா சர்க்கார் அதைத்தான் செய்தது. 1982-ஆம் ஆண்டுப் பிரஜா உரிமைச் சட்டத்தையொட்டி அங்கீகரிக்கப்பட்ட 135 இனங்களில் ரோஹிங்கியர் பெயர் இல்லை. 1978-இல் சுமார் இரண்டு லட்சம் பேரும், 1991-92-இல் இரண்டரை லட்சம் பேரும், 2017-இல் ஏழு லட்சத்துக்கு மேற்பட்டோரும் உயிருக்கஞ்சி வங்காளதேசத்துக்கு ஓடினர். இன்று மலேசியாவிலும் லட்சத்துக்கு மேற்பட்டோர் அகதிகளாயிருக்கின்றனர்.

தோழர்களே! இக்கொடுமை நமக்குப் புதிதன்று. இலங்கை மலைநாட்டைத் தேயிலையால் செழிக்கச் செய்த நம் சகோதரர் சுமார் ஏழு லட்சம் பேரை 1948-ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றவராக்கிற்று. "உன் தகப்பன் எங்கே பிறந்தான், பத்திரம் எங்கே?" என்று அது கேட்டது. கொழுந்துக் கூடை சுமந்தவர்களிடம் பத்திரம் ஏது? 1964-இல் இரு சர்க்கார்களும் ஒப்பந்தம் செய்து அவர்களைப் பங்கிட்டுக்கொண்டன. எஞ்சியவர்களின் குறை பெரும்பாலும் தீர 2003-ஆம் ஆண்டு ஆயிற்று.

ரோஹிங்கியரைக் கண்டு "வந்தேறிகள்" என்று நம்மவரிலும் சிலர் முகஞ்சுளிக்கின்றனர். அதே சொல் நம்மீது வீசப்பட்டபோது நமக்கு வலித்ததல்லவா? உழைத்தவனுக்கு மண்ணுரிமை உண்டென்பது மெய்யானால், அது தமிழனுக்கு மட்டும் மெய்யாக இருக்க முடியாது. நம்மவர் சிந்திப்பார்களாக.