நோயின் குறியும் மருந்தின் விலையும்

ஒரே வயது, ஒரே அளவான கட்டி, ஒரே சத்திரசிகிச்சை. ஆயினும் ஒரு பெண் பல்லாண்டு வாழ்கிறாள், மற்றவள் சில ஆண்டுகளுள் மாள்கிறாள். இவ்வேறுபாட்டை விதியென்று கொண்டு உலகம் அமைதியடைந்திருந்த காலம் நீண்டது. மார்புப் புற்றுநோயின் மூர்க்கத்தை முன்னுணர்த்தும் குறி கட்டியின் கலங்களுள்ளேயே உண்டு என விஞ்ஞானம் நிறுவிய வரலாறு நாம் கருத்திற் கொள்ளத்தக்கது.

1980களின் முற்பகுதியில் அமெரிக்க விஞ்ஞானி றொபேட் வைன்பேர்க்கின் ஆய்வுகூடத்தார், எலிகளின் நரம்புக் கட்டிகளிற் புற்றுநோயைத் தூண்டும் பரம்பரையலகு ஒன்றைக் கண்டனர். 1985 இல் ஜெனென்டெக் கம்பனியின் அக்சல் உல்றிச்சும் பிறரும் அதன் மனித இணையை ஆராய்ந்து வெளியிட்டனர். எச்.ஈ.ஆர்.2 என்பது அதன் பெயர்.

சாதாரண கலத்தில் இதற்கு இரண்டு பிரதிகளே உண்டு. 1987 இல் டெனிஸ் சிலாமனும் பிறரும் 189 கட்டிகளைச் சோதித்தபோது, ஏறத்தாழ 30 சதவீதமானவற்றில் அப்பிரதிகள் பெருகியிருந்தன. அத்தகைய நோயாளரில் நோய் விரைந்து மீண்டது, ஆயுளும் குறுகியது. வளர்ச்சிக் கட்டளையை ஏற்கும் புரதம் கலத்தின் மேற்பரப்பில் மிகையாவதால், கலம் ஓய்வின்றிப் பிரிகிறது. இம்மாற்றம் தாயிடமிருந்து மகள் பெறும் முதுசமன்று, கட்டியிலேயே தோன்றுவது.

குறியைக் கண்டதும் கதை முடிந்துவிடவில்லை. அப்புரதத்தைத் தடுக்கும் மருந்தை உருவாக்கக் கம்பனி தயங்கிய காலத்தில், சிலாமனின் ஆய்வைத் தாங்கியது ஓர் அழகுசாதன நிறுவனத்தின் நன்கொடை. இலாபக் கணக்கு ஒருபுறம், உயிர்க் கணக்கு மறுபுறம். 1994 இல் நோயுற்ற பெண்களும் அவர்தம் தோழரும் கலிபோர்னியாவில் அக்கம்பனியின் வாயிலிலேயே ஆர்ப்பாட்டஞ் செய்தனர். பரிசோதனைக்கு வெளியே நின்ற நோயாளருக்கும் மருந்து வேண்டுமென்பது அவர்களது கோரிக்கை. அதன்பின் வழி ஓரளவு திறந்தது. ஆனால் மருந்து போதாமையால், பெறுவோர் குலுக்கலினாலே தெரிவுசெய்யப்பட்டனர்!

1998 இல் திராஸ்துசுமாப் என்ற அம்மருந்து அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. முன்னர் மரணத்தின் குறியாக இருந்தது, சிகிச்சைக்கு வழிகாட்டும் குறியாயிற்று. எனினும் அதன் விலை வறிய நாடுகளின் பெண்களுக்கு எட்டாதிருந்தது. 2015 இல் உலக சுகாதார நிறுவனம் அதனை அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்த்தது. 2019 இல் அதையொத்த மலிவான மருந்தொன்றுக்கு முதன்முறையாகத் தரச்சான்று வழங்கியது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? கலத்தின் இரகசியத்தைக் கண்டறிவது விஞ்ஞானியின் வெற்றி. அவ்வறிவு ஏழைப் பெண்ணின் படுக்கையருகே சென்றடைவதோ சமூகத்தின் வெற்றி. முதலாவது கைகூடிவிட்டது. இரண்டாவதற்காக, கம்பனியின் வாயிலில் நின்ற அப்பெண்களைப் போல, நாமும் குரலெழுப்ப வேண்டியிருக்கிறது.