பழைய ஆங்கிலத்தில் கலச்சொற்களும் காற்றுப் பெயர்களும்

ஒரு நாட்டினர் எக்கடலிற் கலஞ் செலுத்தினர் என்பதனை அறிய அவர்தம் வரலாற்று நூல்களை மட்டும் நோக்குதல் போதாது. கலத்தின் உறுப்புகளுக்கும் காற்றுகளுக்கும் அவர்கள் வழங்கிய பெயர்களையும் நோக்குதல் வேண்டும். இதற்கு ஆங்கிலம் ஏற்றதொரு சான்று. கலத்தின் அடிப்படைச் சொற்கள் பழைய ஆங்கிலக் காலத்தினின்றே அம்மொழியில் நிலைத்துள்ளன. காற்றின் பெயர்களோ பெரும்பாலும் பின்னர் வந்து புகுந்தவை. இவ்வேறுபாட்டின் காரணத்தை ஈண்டு நோக்குவாம்.

கலத்தைக் குறிக்கும் 'ஷிப்', பாயைக் குறிக்கும் 'செயில்', கூம்பைக் குறிக்கும் 'மாஸ்ட்', துடுப்பைக் குறிக்கும் 'ஓர்' ஆகிய நான்கும் பழஞ்சொற்களே. 'ஸ்டார்போர்ட்' என்பதும் அத்தகையதே. சுக்கான் கலத்தின் பின்புறத்தே நடுவில் அமையுமுன், அகன்ற துடுப்பொன்றை வலப்பக்கத்தே கட்டிக் கலத்தைத் திருப்பினர். ஆதலின் அப்பக்கம் 'செலுத்தும் பக்கம்' எனப்பட்டது. துடுப்பைப் பற்றி நின்றவன் முதுகு இடப்புறம் நோக்கியிருந்தமையின் அப்பக்கம் 'முதுகுப் பக்கம்' எனப் பெயர் பெற்றது என்பர். இப்பெயர் பின்னர் வழக்கொழிய, 'லார்போர்ட்' என்னும் சொல் அதன் இடத்தில் வந்தது. புயலிரைச்சலில் 'ஸ்டார்போர்ட்', 'லார்போர்ட்' என்னும் இரண்டும் ஒன்றுபோல் ஒலிக்கும். மீகாமன் ஏவலை மாறிக் கேட்டால் கலம் பாறையில் மோதவும் கூடும். இக்குழப்பம் நீங்க, 1844இல் ஆங்கிலக் கடற்படைத் தலைமை 'லார்போர்ட்' என்பதனை விலக்கிப் 'போர்ட்' என்பதனை ஆளுமாறு ஆணையிட்டது. ஒலியொப்புமை உயிர்க்கே ஊறாகும் என்றஞ்சி அரசாணையால் ஒரு சொல்லை நீக்கியது அரிய நிகழ்ச்சியாகும்.

திசைப்பெயர்களின் வரலாறு இதனினும் சுவையுடையது. ஆல்பிரட் மன்னன் (ஆட்சி 871-899) காலத்து மொழிபெயர்ப்பு நூலொன்றில் ஓதெரே என்னும் நார்வே நாட்டுக் கடலோடி அம்மன்னனுக்குக் கூறிய செலவு இடம்பெற்றுள்ளது. வடமுனை சென்ற அவன், கரை கிழக்கே வளைந்தவிடத்து மேல்காற்றை எதிர்நோக்கித் தங்கினான். நான்கு நாள் ஓடியபின் கரை தெற்கே வளையவே, நேர் வடகாற்றிற்குக் காத்திருந்தான். திசைப்பெயரோடு காற்று என்னும் சொல்லைக் கூட்டுவதே அன்றைய ஆங்கில முறை. வாடை, தென்றல் போலத் தனிப்பெயர் இடும் வழக்கு இவ்வுரையிற் காணப்படவில்லை. ஆயினும் அவ்வெளிய திசைச்சொற்களையே பிரெஞ்சுக்காரர் தம் கடல்வழக்கிற்குக் கடன் கொண்டனர். 'நோர்', 'சூத்', 'எஸ்த்', 'வெஸ்த்' என இன்று அவர்கள் வழங்குவன ஆங்கிலத் திசைப்பெயர்களே.

இனி வன்காற்றுப் பெயர்களைக் காண்போம். பழைய ஆங்கிலத்திற் கடும்புயலைக் குறித்த 'யூஸ்த்', சுழல்காற்றைக் குறித்த 'தொடென்' ஆகிய இரண்டும் மறைந்தன. 1806இல் பிரான்சிஸ் போபர்ட் என்னும் கடற்படை அலுவலர் காற்றின் வன்மையைப் படிப்படியாக வகுத்தார். 1838இல் அவ்வளவுமுறை ஆங்கிலக் கடற்படை முழுமைக்கும் உரியதாயிற்று. பின்னர்த் திருந்திய வடிவில் அது சுழிமுதல் 12 வரை செல்லும். அதில் 2 முதல் 6 வரையுள்ள 'பிரீஸ்' ஐபீரிய மொழிகளிலிருந்து வந்தது. 7 முதல் 9 வரையுள்ள 'கேல்' என்பதன் பிறப்புத் தெளிவாகவில்லை. பழைய ஆங்கில நூல்களில் அது காணப்படவுமில்லை. 12ஆம் படியாகிய 'ஹரிகேன்' கரிபியத் தீவுகளின் தைனோ மக்கள் சொல். ஸ்பானியர் வழியாக வந்தது. 10, 11 ஆகிய படிகளுக்குரிய 'ஸ்டார்ம்' ஒன்றே காற்றுப்பெயர்களுட் பழைய ஆங்கிலச் சொல்லாக எஞ்சி நிற்கின்றது.

இதனைச் சொல்வறுமை எனக் கூறுவாரும் உளர். யாம் அங்ஙனம் கருதவில்லை. கலம் அவர்கள் கட்டியது. ஆதலின் அதன் பெயர்களும் அவர்களுடையனவாயின. வெப்பக் கடல்களிற் சுழன்றெழும் பெரும்புயலோ வடகடலில் அவர்கள் காணாதது. காணாததனைக் கண்டவிடத்துப் பெயரையும் ஆண்டே கேட்டறிந்தனர். அராபியர் 'மௌசிம்' போர்ச்சுகீசியர் வாயிலாக 'மான்சூன்' ஆனதும், நம் கட்டுமரம் 17ஆம் நூற்றாண்டிலேயே 'கட்டமரான்' என ஆங்கிலத்திற் புகுந்ததும் இம்முறையானே என்க.

கேட்டறிந்த பெயர்களும் போதாதவிடத்துப் புதுச்சொல் ஆக்கினாரும் உளர். கல்கத்தாவிற் கடல்வழக்கு மன்றத்தில் தலைமை பூண்டிருந்த ஹென்றி பிடிங்டன், கப்பற் குறிப்பேடுகளை ஆய்ந்து வங்கக் கடற்புயல்களின் சுழற்சியை விளக்கியவர். 1789இல் கோதாவரி முகத்துவாரத்தருகே கோரிங்காவை அழித்த புயலையும் அவர் ஆராய்ந்தார். பாம்பின் சுருளையும் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று 'சைக்ளோன்' என்னும் பெயரை அமைத்து 1848இல் தம் நூலில் வழங்கினார். மாட்லா ஆற்றங்கரையில் புதுத்துறைமுகம் அமைக்க அரசு முற்பட்டபோது, புயலலை அதனை விழுங்கும் என 1853இல் தலைமை ஆளுநர் டல்ஹௌசிக்கு எழுதி எச்சரித்தார். அவ்வெச்சரிக்கை ஏற்கப்படவில்லை. கானிங் துறைமுகம் எழுந்தது. 1858இல் பிடிங்டன் மறைந்தார். 1867இல் புயலும் அலையும் அத்துறைமுகத்தைப் பாழாக்கின.