கணனி பெற்ற குரல்: ஒலி அட்டையும் விரியலாக்கியும்

கணனியின் வரலாற்றை எழுதுவோர் அதன் கணிக்கும் வேகத்தையும் நினைவகத்தையுமே பெரிதும் பேசுவர். அது குரல் பெற்ற கதை அத்துணை கவனம் பெறுவதில்லை. ஒரே விரியலாக்கியிற் பொருத்தப்படும் இரு ஒலி அட்டைகளுள் ஒன்று உரத்தும் மற்றையது மெலிந்தும் ஒலிப்பது ஏன் என்னும் வினாவுக்கு அக்கதையே விடை தருகின்றது.

1981 ஆம் ஆண்டு வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணனியில் இருந்தது பெட்டிக்குள் அடங்கிய சிறு ஒலிபெருக்கி ஒன்றே. 1987 இல் ஆட்லிப் அட்டையும் 1989 இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் ஆக்கிய சவுண்ட் பிளாஸ்டர் அட்டையும் வந்த பின்னரே இவ்வகைக் கணனிகளில் இசை பரவலாயிற்று. சவுண்ட் பிளாஸ்டரில் ஒரு சிறு விரியலாக்கியும் உரப்பைக் கூட்டிக் குறைக்கும் சில்லும் அமைந்திருந்தன. தனி விரியலாக்கி இல்லாத வீட்டிலும் ஒலிபெருக்கியை இயக்கும் வலு அதனால் அட்டைக்கே கிடைத்தது.

தொண்ணூறுகளில் தம்முள்ளே விரியலாக்கி கொண்ட ஒலிபெருக்கிகள் பரவின. அட்டையின் விரியலாக்கி அப்போது மிகையாயிற்று; முதலாவதன் இரைச்சலை இரண்டாவது மேலும் பெருக்கியது. 1992 இல் அறிமுகமான சவுண்ட் பிளாஸ்டர் 16 வரிசையிற் சில அட்டைகள், அதனை விலக்கிச் சைகையை நேரே வெளிவிடவும் வழி செய்தன. 1997 இல் இன்ரெல் நிறுவனம் ஏசி 97 தரத்தை வகுத்தபின், ஒலிப்பகுதி தாய்ப்பலகையிலேயே இடம்பெறலாயிற்று. ஒலிபெருக்கியை இயக்கும் பொறுப்பு பெட்டிக்கு வெளியே சென்றது. கணனி ஏறத்தாழ 1 வோல்ற்று அளவான சைகையை மட்டுமே வழங்கியது.

விரியலாக்கி தன்பால் வரும் சைகையைக் குறித்த மடங்கு பெருக்குமேயன்றி, அதனை அனுப்பிய அட்டை எதுவென அறியாது. 20 மடங்கு பெருக்கும் விரியலாக்கிக்கு 1 வோல்ற்று வரின் 20 வோல்ற்றும், அரை வோல்ற்று வரின் 10 வோல்ற்றும் வெளிப்படும். 8 ஓம் ஒலிபெருக்கியில் அவை முறையே 50 உவாற்று, 12.5 உவாற்று வலுவைத் தரும். வலு நான்கு மடங்கு வேறுபடினும் ஒலிமட்ட வேறுபாடு 6 தெசிபெல் மட்டுமே. உரப்பு இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 தெசிபெல் வேண்டும். ஆதலின் விரியலாக்கியின் திருகியைச் சற்றுத் திருப்பினால் இவ்வேறுபாடு மறையும். மறையாதது அட்டையின் இரைச்சலாகும். மெலிந்த சைகையை ஈடுசெய்யப் பெருக்கத்தைக் கூட்டுமிடத்து, இசையோடு அவ்விரைச்சலும் அதே மடங்கிற் பெருகும்.

பழைய அட்டையை நீக்கிப் புதியதைப் பொருத்தியபின் ஒலி மெலிந்தால், புதியது தாழ்ந்ததெனக் கருதுவது இயல்பு. உரத்த ஒலியையே சிறந்த ஒலியென மயங்குவது செவியின் பலவீனமாகும். உண்மையில் அங்கு குறைந்தது தரமன்று; விரியலாக்கியின் இடமே மாறியுள்ளது. எனவே இரு அட்டைகளை ஒப்பிட முனைவோர் முதலில் அவற்றின் உரப்பைச் சமப்படுத்தல் வேண்டும். அதன் பின்னர் இரைச்சலிலும் தெளிவிலும் எஞ்சும் வேறுபாடே அட்டைக்கு உரியது. அதற்கு முன்னர்ச் சொல்லப்படும் தீர்ப்பு யாவும் திருகியின் நிலையைப் பற்றிய தீர்ப்பேயாம்.